பூங்காவனம் ஓட்டல் குருமாவில் அம்மாக்கண்ணுவின் முந்திரி

அம்மாக்கண்ணுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை வேறு யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். தானே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் சிரிப்பாள். "எனக்குக் கை நீளமா இருந்திருந்தா செயிலுக்காவது போயிருப்பேன், மூணு வேளை சோறாவது கெடச்சிருக்கும். வாயில்ல நீளம்! அதான் பெரம்பலூர் வரைக்கும் போயி மானத்த வுட்டுட்டு வந்தேன்" என்பாள்.

ஆண்டிமடத்துக்குக் கிழக்கே, செம்மண் மேட்டில் இருந்தது அவள் ஊர். எங்கே திரும்பினாலும் முந்திரித் தோப்பு. பத்து வயசில் அம்மாவோடு கொட்டை பொறுக்கப் போனவள், பன்னிரண்டு வயசில் கொட்டை உடைக்க உட்கார்ந்தாள். இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டு வறுக்கும்போது எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பற்றும். மண்ணை வாரிப் போட்டு அணைத்து, ஆறவைத்து, கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு பிளக்கக் கூடாது. அந்த எண்ணெய் பட்ட இடம் வெந்து தோல் உரியும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு மேற்கொண்டு உடைப்பார்கள். கலியாணத்தன்று மணவறையில் அவள் கையைப் பார்த்துவிட்டு, "மருதாணி நல்லா செவக்கலயே, கருப்பால்ல இருக்கு" என்று மாப்பிள்ளை மாயவன் கேட்டானாம். அவ்வளவு அப்பாவி.

மாயவனும் கூலிக்குப் போகிறவன்தான். இரண்டு பேரும் பாடுபட்டு, ஒரு சின்னத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, பக்கத்து வீட்டு ரெங்கம்மாளையும் இன்னும் நாலு பெண்களையும் உட்காரவைத்துக் கொட்டை உடைத்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை தரகர் அரியமுத்து சைக்கிளில் வந்து பருப்பை எடுத்துக்கொண்டு போவார்.

எழுபத்து நாலாம் வருஷம் என்று நினைப்பு. ஒருநாள் அரியமுத்து மூட்டையைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, நீ உடைக்கிற பருப்பு எங்க போவுதுன்னு தெரியுமா?"

"எங்கண்ணே போவுது?"

"பெரம்பலூர்ல ரோட்டு மேல பூங்காவனம் மிலிட்டரி ஓட்டல்னு ஒண்ணு இருக்கு. மெட்ராஸ் போற காருங்கெல்லாம் நின்னுட்டுத்தான் போவும். அங்க பரோட்டாவுக்கு ஊத்துற குருமாவுல உன் பருப்பத்தான் அரைச்சு வுடுறானுவோ. அதான் அந்த ருசி."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அவர் சொன்னது மொத்தமே நாலு வரி. அதை வைத்துக்கொண்டு அம்மாக்கண்ணு ஒன்பது வருஷம் ஓட்டினாள்.

ஊரிலிருந்து யார் பெரம்பலூர்ப் பக்கம் கிளம்பினாலும், மாடு வாங்கப் போனாலும் சரி, சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனாலும் சரி, அவள் தெருவிலேயே மறித்துக்கொள்வாள். "பூங்காவனத்துல சாப்புடாம வந்துராத. குருமாவ நல்லா ஊத்தச் சொல்லு. எங்க வூட்டுப் பருப்பு அது." போனவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து ஆகா ஓகோ என்றார்கள். நிஜமாகவே நன்றாக இருந்தது என்று சொன்னவர்கள் பாதி. நன்றாக இல்லை என்று சொன்னால் இவளிடம் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டுமே என்று பயந்து சொன்னவர்கள் பாதி.

வருஷம் ஆக ஆகச் சரக்கும் வளர்ந்தது. முதலில் 'நம்ம பருப்பையும் போடுறாங்க' என்றுதான் சொன்னாள். பிறகு 'நம்ம பருப்பு மட்டுந்தான் போடுறாங்க' என்று ஆனது. பிறகு, ஒரு வாரம் இவள் பருப்பு போய்ச்சேராததால் ஓட்டலில் குருமாவே வைக்காமல் கடையைப் பூட்டிவிட்டார்கள் என்றும் ஒரு கதை கிளம்பியது. அதை யார் கிளப்பினார்கள் என்று பின்னாளில் ரெங்கம்மாள் கேட்டபோது, "வேற யாரு, இந்தச் சனியன் புடிச்ச வாய்தான்" என்று தன் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவள் அந்த ஓட்டல் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததாகவும் யாரிடமும் சொன்னதில்லை. பார்க்கவில்லை என்றும் சொன்னதில்லை. பேச்சில் அந்த இடத்தை மட்டும் நைசாகத் தாண்டிப் போய்விடுவாள்.

மகள் ஜானகியை அரும்பாவூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை செல்லக்கண்ணு டிராக்டர் ஓட்டுகிறவன். சம்பந்தியம்மாள் பொன்னாயி வாய் திறந்து பேசுவதே அபூர்வம். சின்ன வெங்காயம் போடுகிற காடு அவர்களுக்கு. அம்மாக்கண்ணு பத்து வார்த்தை பேசினால் பொன்னாயி ஒரு 'ம்' கொட்டுவாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே பூங்காவனம் ஓட்டல் கதை அவள் காதில் ஏறிவிட்டது. அப்போதும் 'ம்' என்றுதான் சொன்னாள்.

எண்பத்து மூணு சித்திரையில் பொன்னாயியின் இளைய மகனுக்குக் கலியாணம் நிச்சயமானது. மணப்பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்கப் பெரம்பலூருக்குப் போகிறோம், சம்பந்தியும் வர வேண்டும் என்று ஆள் விட்டிருந்தார்கள். அம்மாக்கண்ணு விடியற்காலையில் கிளம்பி, ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் மாறி, மதியம் போய்ச் சேர்ந்தாள். ஜவுளிக்கடையில் பொன்னாயி, செல்லக்கண்ணு, ஜானகியோடு உட்கார்ந்து நாலு மணி வரைக்கும் புடவை புரட்டினார்கள். கடைக்காரர் அரக்கு எடுத்துப் போட்டால் இவள் மயில் கழுத்து கேட்டாள், மயில் கழுத்து வந்ததும் அரக்கே தேவலை என்றாள். கடைசியில் பொன்னாயி அடியிலிருந்து ஒரு மாம்பழக் கலர் புடவையை உருவி, "இது" என்றாள். அதுதான் முடிவானது.

வெளியே வந்ததும் செல்லக்கண்ணு, "அத்தை, டீ சாப்புட்டுட்டு பஸ் ஏறுவமா?" என்று கேட்டான்.

பொன்னாயி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று பஸ்ஸும் ஒரு லாரியும் நின்றன. அவற்றுக்குப் பின்னால் சிவப்பு எழுத்தில் பூங்காவனம் மிலிட்டரி ஓட்டல் என்று பலகை. "இவ்வளவு நாளா சொல்றீங்களே சம்மந்தி. வந்தது வந்துட்டோம், போயிப் பாத்துருவோம்."

பொன்னாயி ஒரே மூச்சில் அவ்வளவு பேசி ஜானகியே கேட்டதில்லை. அம்மாக்கண்ணு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "பின்ன, போவாமயா? நம்ம கட மாதிரி!"

உள்ளே நிற்க இடமில்லை. சாப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் நின்றார்கள். வாசலில் கல்லில் பரோட்டா வேக, ஒருவன் வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் பட்பட்டென்று அடித்தான். பெண்களோடு வந்திருக்கிறார்களே என்று பரிமாறுகிறவர் ஓரத்தில் திரை போட்ட குடும்ப அறையைக் காட்டினார். பேசாமல் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் நடந்தது நாலு பேரோடு போயிருக்கும். "அங்க எதுக்கு, காத்தே வராது. நடுவுலயே உக்காருவோம்" என்று அம்மாக்கண்ணு கூடத்தின் நட்ட நடுவில் இடம் பிடித்தாள். இதை நினைக்கும்போதெல்லாம், "விதி என்னிய இழுத்துட்டுப் போயி உக்கார வைக்கல, நானேதான் விதிக்கும் ஒரு நாக்காலி போட்டு வச்சேன்" என்று சொல்லுவாள்.

இலையைப் போட்டதும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். "தம்பி, நாங்க ஆண்டிமடம். முந்திரி குடுக்கறவங்க."

"அப்படிங்களா? சந்தோசங்க. எத்தன பரோட்டா?" என்றார் அவர்.

பரோட்டா வந்தது. அதன்மேல் வாளியிலிருந்து குருமா விழுந்தது. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம். மேலே மெலிசாக எண்ணெய், கறிவேப்பிலை, பட்டை வாசம். அம்மாக்கண்ணு ஒரு துண்டைப் பிய்த்து நனைத்து வாயில் போட்டாள்.

நன்றாகத்தான் இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. பிரச்சினை அதில் இல்லை. முந்திரி எங்கே என்று நாக்கால் தேடினாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. முந்திரி அரைத்த குருமா எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருஷமாக முந்திரி உடைக்கிறாள். முழுப் பருப்பு தரகருக்கு, பிளந்த பருப்பும் தரகருக்கு. உடைந்த குருணையில் ஒரு கை, பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலில் விழும். குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றுகிற துணிச்சல் அவள் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கும் வந்ததில்லை. அவள் வீட்டில் குருமா என்றால் தேங்காயும் பொட்டுக்கடலையும்தான்.

இன்னொரு வாய் வைத்தாள். இந்தக் குருமா அவள் வீட்டுக் குருமா மாதிரியே இருந்தது. அப்படியே அச்சு. சட்டென்று அவளுக்கு ஒரு நியாயம் தோன்றியது. அடடே, முந்திரி போட்டால் நம் வீட்டுக் குருமா ருசிதான் வரும் போலிருக்கு! அப்படியென்றால் இத்தனை நாளும் நாம் முந்திரி போடாமலே முந்திரிக் குருமா வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்! அந்தப் பெருமை தலைக்கேறியதும் வாயைக் கட்ட முடியவில்லை.

"பாத்தீங்களா சம்மந்தி! எப்புடி முந்திரி வாசம் தூக்குது! இது எங்க தோப்புப் பருப்பு, எனக்குத் தெரியாதா?"

பொன்னாயி மென்று முழுங்கினாள். அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, மெதுவாகத்தான் சொன்னாள். "சம்மந்தி, இது பொட்டுக்கடலை."

"என்னாது?"

"பொட்டுக்கடலையும் தேங்காயும். கசகசா கொஞ்சம் இருக்கு. முந்திரி இல்ல."

ஜானகி மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். ஒரு மிதிக்கு அடங்குகிற ஆளா அம்மாக்கண்ணு? "முந்திரி உடைச்சே கை வெந்தவ நான். எங்கிட்டயே முந்திரி இல்லங்கறீங்களே. தம்பி! இங்க வாய்யா. இந்தக் குருமாவுல முந்திரி இருக்கா இல்லயா, சம்மந்திக்குச் சொல்லு!"

பரிமாறுகிறவர் முழித்தார். "இருங்க, மாஸ்டரையே கூப்புடறேன்" என்று உள்ளே போனார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு மாஸ்டர் முத்துசாமி வந்தார். ஒல்லியான மனுஷர், பனியன் முழுக்க மஞ்சள் கறை.

"பொட்டுக்கடலைங்கம்மா. கடை தொறந்த நாள்லேருந்து அதான். முந்திரி அரைச்சு ஊத்துனா பரோட்டா இந்த வெலைக்குப் போட முடியுமா? மொதலாளி என்னியல்ல அரைச்சு ஊத்திருவாரு!"

சுற்றிலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பரோட்டாத் துண்டை இலையில் வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"என்னய்யா சொல்ற? நான் ஜெயங்கொண்டத்துக்காரன். இங்க முந்திரிக் குருமான்னு சொல்லித்தானே எப்ப வந்தாலும் தேடி வர்றேன்? ஆண்டிமடத்துல ஒரு அம்மா பருப்பு குடுக்குதாம், ஒரு வாரம் அது பருப்பு வரலன்னு கடையவே பூட்டிட்டீங்களாம். எங்க பெரியம்மா சொல்லுச்சு."

"அதாங்க எங்களுக்கும் புரியல" என்றார் முத்துசாமி. "நாலஞ்சு வருசமா ஆளுங்க வந்து முந்திரிக் குருமா, முந்திரிக் குருமாங்கறாங்க. எவன் கெளப்பி வுட்டான்னு தெரியல. நல்லதாத்தானே சொல்றாங்கன்னு நாங்களும் வாயத் தொறக்கறதில்ல." பேசிக்கொண்டே வந்தவர், சட்டென்று அம்மாக்கண்ணு பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க?"

அவள் இலையைப் பார்த்தாள். கையிலிருந்த பரோட்டாவை இன்னும் சின்னதாகப் பிய்த்தாள். பரிமாறுகிறவர்தான் பதில் சொன்னார். "ஆண்டிமடமாம் மாஸ்டர்."

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. பூமி பிளந்து உள்ளே போவதென்றால் எவ்வளவு நேரமாகும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது முத்துசாமி வாளியை வாங்கி, அவள் இலையில் தன் கையாலேயே இரண்டு கரண்டி குருமா ஊற்றினார். "நல்லா சாப்புடுங்கம்மா. நாங்க போர்டு போட்டிருந்தாக்கூட இவ்வளவு பேரு வந்திருக்க மாட்டாங்க."

அந்த நேரத்தில்தான் ஒரு சத்தம் கேட்டது. பொன்னாயி சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. தன் அம்மா இப்படிச் சிரித்து செல்லக்கண்ணு பார்த்ததே இல்லையாம். அம்மாக்கண்ணு கொஞ்ச நேரம் கோபமாக இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்து, புரையேறி, ஜானகி தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது பொன்னாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "குருமா நல்லாத்தான் சம்மந்தி இருந்துச்சு. பேருக்குத் தகுந்த கடைதான்."

"அதான் சம்மந்தி எனக்கு வயித்தெரிச்சல். நல்லா இல்லன்னாலாவது, முந்திரி போடல, அதான் நல்லா இல்லன்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன்."

ஊருக்கு வந்ததும் உடனே உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் அவ்வளவு நல்லவள் இல்லை. கொட்டகையில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "பூங்காவனத்துல சாப்புட்டியாமே, எப்புடி?" என்று கேட்டபோது, "என்னா கூட்டம்! மாஸ்டரே வந்து என் எலையில ஊத்துனாரு" என்றாள். பொய் என்று அதில் ஒரு சொல் கிடையாது. மூன்று நாள் அப்படியே ஓட்டினாள். நாலாம் நாள், கட்டையால் கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தாள். ரெங்கம்மாள் விடவில்லை. கடைசியில் அம்மாக்கண்ணு எழுந்து நின்று, மீசைக்காரர் மாதிரியும் முத்துசாமி மாதிரியும் நடித்துக் காட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அன்றைக்குக் கொட்டகையில் பாதிச் சட்டி கரிந்து போனது.

அந்த வாரம் அரியமுத்து வந்ததும் சைக்கிள் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? என்னாத்துக்கு அன்னிக்கு அப்புடிச் சொன்ன?"

அரியமுத்துவுக்கு முதலில் நினைவே வரவில்லை. பூங்காவனம், குருமா என்று அவள் எடுத்துக்கொடுத்த பிறகுதான் தலையைச் சொறிந்தார்.

"அட அதுவா? அன்னிக்கு உனக்குக் கை ரெண்டும் வெந்து, வாழ எல சுத்திக்கிட்டு உக்காந்திருந்த. அழுத மாதிரி இருந்துச்சு மூஞ்சி. இந்த எழவு வேல எதுக்குண்ணேன்னு கேட்ட. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. முன்னாடி ஒரு தடவ அந்த ஓட்டல்ல சாப்புட்டது ஞாபகம் வந்துச்சு, ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சேன். அத நீ இன்னுமா வச்சிருக்க?"

அம்மாக்கண்ணு ஹாண்டில் பாரை விட்டாள். கை வெந்த அந்த நாள் அவளுக்கு மறந்தே போயிருந்தது. அதற்குப் பின்னால் சொன்ன நாலு வரி மட்டும்தான் நின்றிருந்தது.

"சரி, அப்ப நெசமா எங்கதான் போவுது நம்ம பருப்பு?"

"பண்ருட்டிக்குப் போயி, அங்கேருந்து கப்பல்ல போவுதாம் தங்கச்சி. எந்த நாட்டுக்குன்னு எனக்குத் தெரியாது."

"கப்பல்லயா? அட போண்ணே! கப்பல் ஏறிப் போயி சாப்புட்டுட்டு வந்து நல்லா இருந்துச்சுன்னு எனக்கு எவன் சொல்லுவான்?"

அரியமுத்து சிரித்துக்கொண்டே மூட்டையைக் கட்டினார். அவர் கட்டி முடிப்பதற்குள் அம்மாக்கண்ணு குனிந்து, வாய் கட்டாத பையிலிருந்து முழுப் பருப்பாக இரண்டு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற மாயவன், "ஏய், முழுப் பருப்புடி அது!" என்று பதறினான்.

"தெரியும். நான் உடைச்சதுதான்."

அன்றைக்கு மத்தியானம் அம்மியில் முந்திரியைப் பட்டாக அரைத்துக் குருமா வைத்தாள். சட்டியோடு கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு தட்டில் ஊற்றி, தோசையும் கொடுத்தாள். ஐந்து பெண்களும் கருத்த விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்கள்.

"பாயசத்துல மொளகாயக் கிள்ளிப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றாள் ரெங்கம்மாள்.

அம்மாக்கண்ணு ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். கொழகொழவென்று, லேசாக இனித்து, இரண்டாவது வாயிலேயே திகட்டியது. "பூங்காவனத்துக்காரன் வெவரமானவன்தான்டி" என்று தட்டைக் கீழே வைத்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் தட்டை விரலால் சுத்தமாக வழித்து முடித்துவிட்டு, சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்காக்கா?"

அம்மாக்கண்ணு சட்டியையே அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அடுப்பில் கொட்டை கரிகிறதா என்று பார்க்க எழுந்து போனாள்.